இரண்டு வருஷ ஒப்பந்தம்

கணவரின் கை மலிவான போன்கள் இருந்த பக்கம் போனது. தட்டிவிடாத குறையாக மனைவி அதைத் தடுத்து, அடுத்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள்.

“அது வேணாம். இந்தப் புதுசு. ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல.”

கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த விற்பனைப் பெண்ணுக்குக் காலையிலிருந்து நின்று நின்று கெண்டைக்கால் கல்லாகக் கனத்தது. இப்படிப்பட்ட ஜோடிகளைத் தினமும் பார்க்கிறவள்தான். ஒருவருக்கு ஆசை, இன்னொருவருக்குத் தலைவலி. இங்கே தலைவலி யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். அந்த மனிதர் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் பட்டது. பழைய போனில் பேசினால் கேட்கிறது, அது போதாதா? மூலையில் ஒரு கீறல், அவ்வளவுதானே. தான் ஒரு லிஃப்ட் மெக்கானிக், கிரீஸ் கையோடு எடுக்கிற சாமானுக்கு எதற்கு இந்த மினுக்கு? அதுவும் இப்போது வேலைக்குப் போகாமல் லீவில் இருக்கும்போது.

மனைவி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விற்பனைப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. ஒப்பந்தம் பிடித்தால் அவளுக்குத்தான் லாபம். இருந்தாலும் மேனேஜர் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி உள்ளதைச் சொன்னாள். மாசத் தவணை சின்னதாகத்தான் தெரியும், கூட்டிப் பார்த்தால் விலை ஒன்றரை மடங்காகிவிடும். அதற்குப் போன வருஷ மாடலையே மொத்தமாக வாங்கிவிடலாம். கேமரா கொஞ்சம் மட்டு, மற்றபடி ஒரு குறையும் கிடையாது.

“கேட்டியா? கடைக்காரப் பொண்ணே வேணாங்குது” என்றார் அவர்.

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. “பாதியில விட்டா என்னம்மா ஆகும்?”

“விட முடியாதுக்கா. அபராதம் போடுவாங்க. ரெண்டு வருஷத்தை முழுசா ஓட்டித்தான் ஆகணும்.”

“அப்ப அதுவே இருக்கட்டும். அவர் பேர்லயே போடு.”

விற்பனைப் பெண்ணுக்கு எரிச்சல் வந்தது. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது? எப்படியோ போகட்டும் என்று படிவத்தை எடுத்து வைத்து, அடையாள அட்டை கேட்டாள். வண்டியில் இருக்கிறதாம். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துப் பிடித்து மெல்ல வெளியே நடந்தார்.

அவர் கதவைத் தாண்டியதும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

“தப்பா நினைக்காதீங்கக்கா. இஷ்டமில்லாத மனுஷன் தலையில எதுக்கு இதைக் கட்டுறீங்க?”

மனைவி கண்ணாடிப் பெட்டி மேல் பதிந்திருந்த தன் விரல் தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு மாசம்னு டாக்டர் சொல்லிட்டாரு. மருந்தை ஒழுங்காச் சாப்பிட்டா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாமாம். அன்னையிலேர்ந்து இவரு எல்லாத்தையும் மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாரு. செருப்பு அறுந்தா புதுசு வேணாங்கிறாரு. மருந்து எதுக்கு வீணாங்கிறாரு.”

சொல்லும்போது குரல் கம்மவில்லை. அழுது ஓய்ந்த குரல் அது.

“முப்பது வருஷத்துல ஒரு லிஃப்ட்டைக்கூடப் பாதியில விட்டுட்டு வீட்டுக்கு வந்ததில்லம்மா. ஒத்துக்கிட்டா முடிச்சுட்டுத்தான் வருவாரு. அதான் கையெழுத்துப் போட வைக்கக் கூட்டிட்டு வந்தேன்.”

விற்பனைப் பெண் படிவத்தைக் குனிந்து பார்த்தாள். அபராதக் கட்டத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. கையெழுத்துப் போட்டவர் இறந்துபோனால் மீதித் தவணை தள்ளுபடி. வருகிற எல்லோருக்கும் அதையும் சேர்த்துத்தான் படித்துக் காட்டுவாள்.

அவர் அட்டையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மனைவி பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“சரி, எங்கம்மா போடணும்? சொல்லு” என்றார், தோற்றுப்போனவர் மாதிரி.

விற்பனைப் பெண் அந்த வரியைப் படிக்கவில்லை. படிவத்தை எடுத்து இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, வேறொன்றை அவர் முன்னால் வைத்தாள்.

“அண்ணா, மூணு வருஷத் திட்டம் ஒண்ணு இருக்கு. அதையே போட்டுடலாமா?”