கரண்டி வைத்த டிராக்டர்

“எங்கப்பா இருந்திருந்தா இதைத் தொடவே விட்டிருக்க மாட்டாரும்மா. நீங்க தாராளமா ஏறி உக்காருங்க!”

பழைய டிராக்டர் கண்காட்சியில் அவன் நின்ற இடத்தில்தான் கூட்டம் அதிகம். டிராக்டரின் முன்பக்கத்தில், போன வருஷம் இறந்துபோன அப்பாவின் படத்தைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். நன்றாகப் பராமரித்த வண்டிக்கு இன்று கோப்பை உண்டு. மைக்கில் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும், அதை அம்மா காது குளிரக் கேட்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே இல்லை. அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏறச் சொன்னது, நரைத்த தலையும் தோள்பையுமாக வந்த ஒரு பெண்மணியிடம். அவர் ஏறவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு தம்பி.”

“அடடா, வித்துட்டீங்களா?”

அவர் முன்பக்கத் தகட்டைத் தடவிப் பார்த்தார். “பெயின்ட் புதுசா இருக்கே?” என்றார்.

“அதையேன் கேக்குறீங்க! அப்பா வருஷத்துக்கு ஒரு கலர் அடிப்பாரு. சிவப்பு, நீலம், பச்சைன்னு, பொண்ணுக்குத் துணி எடுக்கிற மாதிரி! ரோட்டுக்கே கொண்டுபோக மாட்டாரு, கண்ணு பட்டுடுமாம். வெளியாளு தலை தெரிஞ்சா உடனே தார்ப்பாய் போட்டு மூடிடுவாரு. கண்காட்சின்னு பேச்சே எடுக்கக் கூடாது. அவ்வளவு பாசம்!”

“வெயில் ஏறுதுடா. வீட்டுக்குப் போயிடலாமே,” என்றாள் அம்மா.

“இரும்மா, கோப்பையோட போவோம்.”

“ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்களேன்,” என்றார் பெண்மணி.

வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஸ்டியரிங் பக்கம் குனிந்தார். கையால் இழுக்கும் ஆக்ஸிலரேட்டரின் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சமையல் கரண்டியின் காம்பு இருந்தது.

அவன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். “அது அப்பாவோட மூளை! கம்பி உடைஞ்சதும் அம்மாவோட கரண்டியை வெட்டி வெல்டு வெச்சுட்டாராம். அம்மா ஆடித் தீர்த்துட்டாங்களாம். சின்ன வயசுல அப்பா மடியில உக்காந்து நான் இதைத்தான் புடிச்சுக்குவேன்.”

பெண்மணி சிரிக்கவில்லை.

“அடிப்பக்கம் மூணு கோடு இருக்கும் தம்பி. எங்களது கூட்டுக் குடும்பம். என் கரண்டின்னு அடையாளம் தெரிய நான் அரத்தால போட்டது. வெட்டினது என் வீட்டுக்காரர். ஆடித் தீர்த்தது நான். அடுத்த வாரமே கொட்டகையில நின்ன வண்டியைக் காணோம்.”

காம்பை நோக்கிப் போன கையை அவன் பாதியிலேயே இழுத்துக்கொண்டான். தடவிப் பார்க்கத் தேவையே இல்லை. அப்பா மடியில் உட்கார்ந்து விரலால் எண்ணி விளையாடிய கோடுகள் அவை.

“என் கூடப்பிறந்த தம்பிதான் வித்துத் தின்னுட்டான்னு நெனச்சேன்.” அவர் கரண்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார். “‘நான் எடுக்கலக்கா’ன்னு வாசல்ல நின்னு அழுதான். நான் கதவைத் தெறக்கல. அவன் சாகிற வரைக்கும் அவன்கூடப் பேசல.”

“இல்லம்மா, எங்கப்பா அப்படிப்பட்டவரே இல்ல. யார்கிட்டயாவது தெரியாம வாங்கியிருப்பாரு...”

அதற்குள் நடுவர் சிரித்தபடி வந்துவிட்டார். “அருமையான வண்டி! கோப்பை உங்களுக்குத்தான். உரிமையாளர் பேர் என்னன்னு மைக்ல சொல்லணும்?”

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது.

டிராக்டரின் முன்னால் நின்றுகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அம்மா அப்பாவின் படத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.