வலது கால்

விபத்துக்குப் பிறகு ஆறு வாரமாகப் பேருந்தைத் தொடாத ஓட்டுநர், வீட்டின் பின்புறம் உறைபனி படிந்த புல்லில் வெறுங்காலோடு நிற்கிறான். பாதம் என்ன உணர்கிறது என்று நின்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார் மனநல மருத்துவர். வெயில் இல்லை. இலை உதிர்ந்த மரத்தில் ஒரு காகம் அலகைத் தீட்டுகிறது. நாளை போகாவிட்டால் வேலை போய்விடும். அக்கா கதவைத் திறந்து பிடித்தபடி கத்துகிறாள். "நட்டுவச்ச கம்பமாட்டம் நிக்கிறதுக்கு ஒரு டாக்டரு! நாளைக்கு வண்டிய உங்கப்பனாடா ஓட்டுவான்?" "உனக்கும் அவருதானேக்கா அப்பா." "வாய் மட்டும் விறைக்கல." யார் கேட்டாலும் உடம்பில் ஒன்றும் உணர முடியவில்லை என்றே இத்தனை நாளும் சொன்னவன், குனிந்து வலது காலைப் பார்க்கிறான். பிரேக் மிதிக்கும் கால். "சுண்டுவிரல் வலிக்குதுக்கா." "நல்லா வலிக்கட்டும். நில்லு." வீட்டுச் சூடெல்லாம் வெளியே போகிறது. அவள் கதவைச் சாத்தாமல் நிற்கிறாள்.