வலைக்கயிற்று முடிச்சு

கொல்லைச் சுவரில் ஓடும் இரும்புக் குழாயைப் புன்னக்காயலின் உப்புக்காற்று தின்றுவிட்டிருக்கிறது. கசிந்த இடத்திலெல்லாம் சைக்கிள் டியூப்பைச் சுற்றி, மேலே வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார் மத்தியாஸ். கிழிந்த வலைக்குப் போடுகிற அதே முடிச்சு. பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோவதற்கு முந்திய வேலை அது. இப்போது அவர் குழாயை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, தரையில் கிடக்கும் புதுப் பிவிசி குழாய்களில் காலை வெயில் வழுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிளம்பர் எட்வின் முதல் கயிற்றுக் கட்டை அறுக்கப் பிளேடை எடுக்கிறான். அந்தக் கட்டு போனால்தான் குழாய் மூட்டில் ரெஞ்சு பிடிக்கும். மத்தியாஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடுப்படி வாசலில் நிற்கும் அவர் மனைவி பாக்கியம் அதைப் பார்த்துவிடுகிறாள்.

“எட்வினு, அறுக்காதய்யா. அவுக போட்ட முடிச்சு, அவுகளே அவுக்கட்டும்.”

“ஒத்தக் கையால எப்படி அவுக்க?” என்று முனகுகிறார் மத்தியாஸ்.

பாக்கியம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவருக்கு வலப்பக்கமாக வந்து குந்துகிறாள். அவருடைய இடது கட்டைவிரல் கயிற்றின் நுனியைத் தேடிப் பிடிக்கிறது. “இங்கன அழுத்து... பைய” என்கிறார். அவளுடைய வலது கை நகம் முடிச்சுக்குள் நுழைகிறது. ஒரே ஆளின் இரண்டு கைகளைப் போல அவை அசைகின்றன. கயிறு நெகிழ, துருநீர் இருவர் மணிக்கட்டிலும் வழிகிறது. எட்வின் பிளேடைப் பைக்குள் போட்டுவிட்டு, அவசரமே இல்லாதவன்போலச் சுவரில் சாய்கிறான். அவிழ்ந்த கயிற்றை உதறி மடியில் வைத்துக்கொண்டு, மத்தியாஸ் சுவர் நெடுக மிச்சமிருக்கும் கட்டுகளைப் பார்க்கிறார்.

“ஏளா, ஸ்டூல அங்கன நவுத்து.”