இரண்டு மண்ணில் ஒரு கறிவேப்பிலை

குளுவாங் வீட்டின் அடுக்களைச் சன்னலில் இரண்டு பழைய மைலோ பானத்தூள் டின்கள் காலை வெயிலில் நிற்கின்றன. ஒன்றில் பகாங் மண், மற்றதில் நெகிரி செம்பிலான் மண். இந்த வாடகை வீட்டை இடிக்கப்போகிறார்கள். குடிபோக இடம் பார்த்துவந்த அந்த இரண்டு மாநிலங்களிலும் கஸ்தூரி மண் அள்ளிவந்து, கொல்லைக் கறிவேப்பிலையின் கன்றுகளை நட்டிருந்தாள். இரண்டும் துளிர்த்திருக்கின்றன. பச்சை வெளிச்சம் அவள் புறங்கையில் ஆடுகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் இலை கிள்ளிக் கசக்கி, கண்மூடி முகர்கிறாள். தூரத்தில் ரயில் போகிறது; டின்கள் மெல்ல அதிர்கின்றன.

“எந்தப் பக்கம் போலாம், கஸ்தூரி?” என்கிறான் கணவன் வசந்தன்.

“ரெண்டுலயும் நம்ம வீட்டு வாசந்தாங்க வருது.”

“அப்ப எங்க வேணும்னாலும் போலாம்லா.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கொல்லையில், வெட்டுவதற்காகத் தாய்மரத்தில் போட்ட சிவப்புச் சாயக்குறி இன்னும் ஈரமாக மின்னுகிறது.