நன்றிங்க, பரவாயில்லைங்க

மகளின் குடித்தனத்தைப் பார்க்க முதல்முறையாக வந்த அம்மாவுக்கு மனசு குளிர்ந்துபோனது.

"நீங்க முதல்ல குளிக்கிறீங்களா?" என்று மனைவியிடம் கேட்டார் பஸ் ஓட்டும் மாப்பிள்ளை.

"பரவாயில்லைங்க, நீங்களே குளிங்க" என்றாள் நர்ஸ் மகள்.

சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவை நகர்த்தியதற்குக்கூட ஒருவருக்கொருவர் நன்றி சொன்னார்கள். அம்மா உடனே கணவரை போனில் அழைத்து, "இவங்களைப் பார்த்துக் கத்துக்குங்க!" என்று பூரித்தாள்.

மறுநாள் காலையில் சமையலறையில் பாத்திரம் உருண்டது.

"டேய் எருமை, பாலைப் பொங்க விட்டுட்டியேடா!"

"நீ வாயை மூடினாத்தானேடி அடுப்பைப் பார்க்க முடியும், குரங்கே!"

அம்மா பதறிக்கொண்டு ஓடினாள். "நேத்து அவ்வளவு மரியாதையா இருந்தீங்களேடி! அதுக்குள்ள என்ன சண்டை?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய நின்ற மகள் சொன்னாள்:

"நேத்துதாம்மா சண்டை. இப்பதான் ராசியாயிட்டோம்!"