தரையோடு ஒட்டிய கார்

"புருசன் ரேஸ் வுடறேன்னு ஆடறான். நீ அவனுக்கு சலங்கை கட்டி வுடறியா?"

மாமியார் புஷ்பவல்லி கத்தினாள். மருமகள் மலர் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

கத்தாமல் என்ன செய்வாள்? பழைய கார் ஒன்று வாங்கியதிலிருந்து மகன் தீபனுக்கு எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பந்தயம் விடுவதே பிழைப்பு. போன மாதம் ஒரு லாரிச் சக்கரத்திலிருந்து மயிரிழையில் தப்பினான். வருகிற ஞாயிறு மறுபடி பந்தயம். பெற்ற வயிறு பதறாதா?

மலரோ தன் சீட்டுப் பணத்தைக் கொடுத்து, காரை எர்ணாவூர் பிலால் மெக்கானிக்கிடம் அனுப்பிவைத்தாள். ரேஸ் கார் மாதிரி அடியில் வழவழவென்று தகடு, பக்கவாட்டில் பாவாடை மாதிரி தொங்கும் பட்டை, எல்லாம் தரையை ஒட்டி.

கார் மினி லாரியில் வந்து இறங்கியதும் தெருவே கூடிவிட்டது. தீபன் பாடம் எடுத்தான்.

"இன்னா மாமு பாக்கற? அடியில கீற சந்துல காத்து பூந்து ஸ்பீடா ஓடும். அங்க அழுத்தம் கம்மியாவும். மேல கீற காத்து வண்டிய ரோட்டோட அமுக்கும். இன்னா வேகம் போனாலும் தூக்காது!"

"காத்து அமுக்குதோ இல்லியோ, உன்ன எமன் அமுக்குவான்டா!" என்றாள் புஷ்பவல்லி.

"அப்போ இன்னும் வேகமா போலாமா?" மலர் கண்ணை விரித்துக் கேட்டாள்.

"பறக்கலாம் மலரு!"

புஷ்பவல்லிக்கு அவளைப் பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை தீபன் கிளம்பினான். புஷ்பவல்லி அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

ஏற்றிய கற்பூரம்கூட அணையவில்லை. தெருமுனையில் 'கர்ர்ரக்' என்று சத்தம். அலறிக்கொண்டு ஓடினாள்.

உயிர் போகவில்லை, மானம்தான் போயிருந்தது. வேகத்தடைமேல் வயிறு தட்டி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் கார் உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டினால் பள்ளம், பள்ளத்தைத் தாண்டினால் இன்னொரு வேகத்தடை. கூட வந்த தோஸ்துங்க எல்லாம் எப்போதோ பறந்துவிட்டார்கள். தீபன் ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்திருந்தான்.

மகன் முழுசாக இருந்ததில் அவளுக்கு நிம்மதி. காசு வீணானதில் ஆத்திரம். நேரே பிலாலிடம் போனாள்.

"ஏம்பா, நம்ம ரோடு இன்னா லட்சணத்துல கீதுன்னு உனக்குத் தெரியாது? இப்டியா எறக்குவ?"

"நான் சொன்னேன்க்கா! 'இவ்ளோ எறக்குனா வண்டி தெருவையே தாண்டாதும்மா'ன்னு தலபாடா அடிச்சிகினேன். உன் மருமவதான், 'அப்டியாண்ணே? இன்னும் கொஞ்சம் எறக்கிடு'ன்னுச்சு."