ஏழாவது போல்ட்

"அந்த வட்டத் தட்டு மட்டும் மேடம் கண்ணுல படவே கூடாது. பட்டுச்சுன்னா நாம தொலைஞ்சோம்" என்று நான்காவது முறையாகச் சொன்னார் ஹாஜி தவ்ஃபிக்.

"படாது ஹாஜி" என்றான் இன்ஜினியர் ஷாத்லி. அவன் குரல் அவனுக்கே நம்பிக்கையாக இல்லை.

சஃபாக்ஸ் ஊர்க்காரர்களான எங்களுக்கு எதையும் ஒளித்துவைக்கத் தெரியும் என்று நாடு முழுக்கப் பெயர். விருந்தாளி வந்ததும் நல்ல ஆலிவ் எண்ணெய் ஜாடி எங்கே மாயமாகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவன், கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தட்டை மறைக்கத் தெரியாமல் இரண்டு நாளாக விழித்துக்கொண்டிருந்தான்.

ஹாஜியின் தொழிற்சாலை பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுக்கும் இயந்திரம் செய்கிறது. தோஸரில் உள்ள ஒரு பழக் கம்பெனி பன்னிரண்டு இயந்திரங்கள் கேட்டிருந்தது. தங்கள் கூடத்தில் எது எங்கே நிற்கும் என்று பார்ப்பதற்காக, இயந்திரத்தின் முழு மாடலையும் கம்ப்யூட்டரில் அனுப்பச் சொன்னார்கள். சிக்கல் அதில்தான். பழம் கிழியாமல் கொட்டையை மட்டும் வெளியே தள்ளுகிற வட்டத் தட்டு இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. அப்படி ஒரு தட்டு சந்தையில் வேறு யாரிடமும் இல்லை. விற்கிற இயந்திரத்தில் அதைச் சீல் வைத்து மூடிவிடலாம், மாடலில் முடியாது.

மூன்று வருடங்களுக்கு முன் வேலை கேட்டு வந்தபோது ஷாத்லி கையோடு கொண்டுவந்த டிசைன் அது. அன்றிலிருந்து ஹாஜிக்கு அவன் பெறாத பிள்ளை. இந்த ஆர்டர் கைக்கு வந்தால் அவனைக் கூட்டாளியாக்கி, வாசல் பலகையில் பெயரும் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

"தோஸர்ல இதைப் பார்க்கப்போற மேடம் வஸீலா யாருன்னு தெரியுமா உனக்கு?" ஹாஜி குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி சூஸ் நகரத்துல, நம்ம போட்டிக் கம்பெனியில இருந்தவங்க. அங்கே ஒரு டிசைன் திருடு போச்சாம். இவங்க மேலதான் சந்தேகம்னு வேலையை விட்டே அனுப்பிட்டாங்களாம். அப்பேர்ப்பட்ட கையில நம்ம தட்டு சிக்கினா என்ன ஆகும், யோசி!"

ஷாத்லி யோசித்தான். மேஜையில் லப்லாபி, அந்தக் கொண்டைக்கடலை சூப், ஆறிப்போய்க் கிடந்தது, தொடவில்லை.

முதல் நாள், தட்டைத் திரையில் மறைத்துவிட்டு, அனுப்புவதற்கான ஃபைலாக மாடலை வெளியிட்டிருந்தான். அனுப்பும் முன் எதற்கும் பார்ப்போம் என்று திறந்து, 'எல்லாம் காட்டு' என்பதை அழுத்தினான். தட்டு பல்லை இளித்துக்கொண்டு வந்து நின்றது. மறைந்தது கண்ணுக்கு மட்டும்தான். உள்ளே அது சௌக்கியமாகவே இருந்திருக்கிறது. "பட்டம் வாங்கின கழுதை" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

இப்போதுதான் 'தெரிவதை மட்டும் வெளியிடு' என்ற குட்டிக் கட்டம் கண்ணில் பட்டது. அதில் டிக் போட்டு வெளியிட்டான். மூன்று முறை திறந்து, மூன்று முறையும் 'எல்லாம் காட்டு' அழுத்தினான். தட்டு வரவே இல்லை. மாடல் தோஸருக்குப் போனது. ஹாஜி சந்தோஷத்தில் எல்லோருக்கும் மக்ரூத் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் மேடம் வஸீலாவே நேரில் வந்து நின்றார்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம்" என்று லேப்டாப்பைத் திறந்தார். மேல் மூடியை நீக்கி, இயந்திரத்தின் வயிற்றைக் காட்டினார். தட்டு இருந்த இடம் சுத்தமாகக் காலி. அந்தக் காலியிடத்தில் ஏழு போல்ட்டுகள் எதையும் பிடிக்காமல், வட்டமாக அந்தரத்தில் நின்றன.

தட்டை மறைத்த மேதை, தட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளை மறந்துவிட்டான். சட்டையை ஒளித்துவிட்டுப் பொத்தான்களோடு தெருவுக்கு வந்தவன் போல் ஷாத்லி கூசிப்போனான்.

"இதென்ன இன்ஜினியர், உங்க போல்ட்டெல்லாம் காத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?"

"அது... கம்ப்யூட்டர் கோளாறு மேடம்."

"சரி, இருக்கட்டும். ஆறு போல்ட்டு சம இடைவெளியில இருக்கு. இந்த ஏழாவது மட்டும் ஏன் ரெண்டுக்கு நடுவுல இடிச்சுக்கிட்டு நிக்குது?"

ஹாஜியால் சும்மா இருக்க முடியவில்லை. தட்டே தெரியாதபோது போல்ட்டைப் பற்றிப் பெருமை பேசினால் என்ன குறைந்துவிடும்?

"அந்த ஏழாவதுலதான் மேடம் இவன் மூளையே இருக்கு! சொல்லுடா மகனே, வெக்கப்படாம சொல்லு."

மூன்று வருடமாகப் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லிவந்ததையே ஷாத்லி ஒப்பித்தான்.

"ஆறு போல்ட்டு மட்டும் இருந்தா தட்டு ஒரே தாளத்துல அதிரும் மேடம். அதிர்ந்தா பழம் கிழியும். அந்தத் தாளத்தை உடைக்கத்தான் ஏழாவது. ரொம்ப நுணுக்கமான கணக்கு. கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு."

சொல்லச் சொல்ல அவனுக்கே அது உண்மை போலத் தோன்றியது. ஹாஜி மீசையைத் தடவிக்கொண்டார்.

மேடம் வஸீலா பொறுமையாகக் கேட்டார். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தாளமும் இல்ல, கணக்கும் இல்ல இன்ஜினியர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல கை தவறி டிசைன்ல ஒரு போல்ட்டு கூட வச்சிட்டேன். திங்கட்கிழமை வந்து எடுத்துடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள என் கம்ப்யூட்டரையே எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."